இந்திராணி தன் நுரையீரலைப் பார்த்த நாள்

கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவை ஏற்றத்தில் எங்கள் பேருந்து நின்றுபோனது. முதலில் ஒரு நீண்ட சீறல், பிறகு அடியில் இரும்பு உரசும் சத்தம், கடைசியில் ரப்பர் தீயும் வாடை. நடத்துனர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்து இருக்கைக்காரர் அதை எனக்காகத் தமிழாக்கினார். “வேற பஸ் வருமாம். அது வரைக்கும் இறங்கிக் காத்து வாங்கட்டாம்.”

எல்லோரும் இறங்கிக் காற்று வாங்கினார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. மதுரையில் பச்சை என்றால் ஒரே நிறம்தான். இங்கே அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்கள்கூட ஒரே பச்சையாக இல்லை. ஆனால் எனக்கு அதை ரசிக்கும் நிலைமை இல்லை. கையில் ஒரு எவர்சில்வர் ஃபிளாஸ்க். அதற்குள் பனிக்கட்டி. பனிக்கட்டிக்கு நடுவில், சுண்டுவிரல் நுனியளவு ஒரு குப்பி. குளிர் போய்விட்டால் அந்தக் குப்பி வீண். ஃபிளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர்தான் அலம்பியது.

நான் மதுரையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் நோயியல் மருத்துவர். நோயாளியிடமிருந்து வெட்டியெடுத்த சதையை மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பவள். குப்பியில் இருந்தது அப்படியொரு சாயத்துக்கு வேண்டிய மருந்து. கண்டியில் இதே வேலை பார்க்கும் என் தோழி ரிஸானா கேட்டதற்காக, காட்ட வேண்டியவர்களிடம் காட்ட வேண்டிய காகிதங்களைக் காட்டிக் கொண்டுவந்திருந்தேன்.

சாலையோரத்தில் ஒரு சின்னக் கடை. பிஸ்கட், வாழைப்பழம், சோடா, ஒரு குளிர்ப்பெட்டி. கடைக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. இருக்கைக்காரர் பின்னாலேயே வந்து நின்றார். குப்பியைக் காட்டினேன். அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

“யாருக்குச் சுகமில்ல என்டு கேக்குறாங்க.”

“ஒரு அம்மாவுக்கு. நுரையீரலில்.”

அவர் தலையசைத்தார். குளிர்ப்பெட்டியைத் திறந்து, எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் என் குப்பியை நிறுத்தினார். மாற்றுப் பேருந்து வரும்வரை சட்டி வெளியேதான் இருந்தது. புறப்படும்போது ஃபிளாஸ்க் நிறையப் பனிக்கட்டி போட்டுக் கொடுத்து, என்னிடம் நேராக ஒரு வார்த்தை சொன்னார். இருக்கைக்காரர் அதை மொழிபெயர்க்கவில்லை. “நல்ல வார்த்தைதான்” என்று மட்டும் சொன்னார்.

ரிஸானாவின் வீடு கண்டிக்கு வடக்கே அலவத்துகொடவில். வாசலில் அவள் நின்றிருந்தாள். பேருந்து கவிழ்ந்துவிட்டதோ என்று பயந்துபோயிருந்த முகம்.

“உள்ளுக்கு வாங்கொ. தாத்தா சாப்பாடு வச்சிட்டுக் காத்துக்கொண்டு ஈக்கிறா.”

வயதான ஒருவரை எதிர்பார்த்து முகத்தைப் பணிவாக வைத்துக்கொண்டு உள்ளே போனேன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த ஒரு பெண், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அடுப்படியிலிருந்து வந்தார். இவர்களுக்குத் தாத்தா என்றால் அக்கா என்று அன்றுதான் தெரிந்தது. ஃபாயிஸா தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். இடியப்பம், பால் சொதி, இடித்த தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊர் இடியப்பம் பூப்போல இருக்கும் என்று பெருமைப்படுவோம். இது நூல்போல இருந்தது. சொதியை ஊற்றியதும் அத்தனையும் குடித்துவிட்டது. எத்தனை சாப்பிட்டேன் என்ற எண்ணிக்கையை ஃபாயிஸா தாத்தா பார்த்துக்கொண்டார், நான் பார்க்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே ரிஸானா விஷயத்துக்கு வந்தாள்.

இந்திராணி என்று ஒரு பெண். வத்தேகம பக்கத்துத் தேயிலைத் தோட்டம். வயது ஐம்பதுக்குச் சற்று மேல். பல வருஷங்களாக மூச்சு வாங்குகிறது. பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் இல்லை. கொழுந்து பறித்திருக்கிறார். பிறகு தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், விறகடுப்பில் பால் காய்ச்சியிருக்கிறார். வீட்டிலும் விறகடுப்பு. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், புகை போகப் போக்கிடம் இல்லாத அறை. ஆஸ்துமா என்றார்கள், பலவீனம் என்றார்கள். கடைசியில் கண்டியில் படம் எடுத்தபோது வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு பெரிய காற்றுக் குமிழாக மாறி, நல்ல பாகத்தையும் அமுக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. எம்பிசீமா. நுரையீரலின் நுண்ணிய அறைகளுக்கு இடையிலுள்ள சுவர்கள் அழிந்து, அறைகள் ஒன்றாகி, வெற்றிடமாகும் நோய். குமிழை வெட்டியெடுத்தார்கள். மிச்சமிருந்த நுரையீரல் விரிந்துகொண்டது. ஓரளவு தேறிவிட்டார்.

“காயத்தைக் காட்ட வந்த நாள் சர்ஜனிடம் கேட்டீக்கிறா, வெட்டி எடுத்தத எங்க வச்சிருக்கீங்க, நான் பாக்கணும் என்டு. அவர் என்னிடம் அனுப்பிட்டார். நான் சாதாரணச் சாயத்தில் காட்டலாம். ஆனா உங்கட சாயம் போட்டால்தான் சுவர் ஏன் போனதென்டு கொஞ்சமாவது செல்லலாம்.”

அந்தச் சாயத்தின் விஷயம் இதுதான். உடம்பில் எங்கே புது இரத்தக் குழாய் வேண்டுமோ அங்கே ‘வளர்’ என்று சொல்லும் ஒரு புரதம் உண்டு. இரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணி என்று எழுதுவோம், ஆய்வுக்கூடத்தில் வீஜெஃப் என்று செல்லமாகக் கூப்பிடுவோம். செல்லம் என்றேனே தவிர, என் தொழிலில் அது எதிரி. புற்றுக்கட்டி இதைச் சுரந்துதான் தனக்கு வேண்டிய இரத்தத்தை இழுத்துக்கொள்கிறது. இதன் வாயை அடைக்கத்தான் நாங்கள் மருந்து கொடுக்கிறோம். நுரையீரலில் கதை தலைகீழ். அங்கே காற்றறைச் சுவர் என்பதே பெரும்பாலும் இரத்தக் குழாய்களின் வலைதான். அந்த வலையின் உயிரணுக்களுக்கு இந்தப் புரதம் ‘இரு, செத்துப்போகாதே’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குரல் நின்றால் அவை தங்களைத் தாங்களே முடித்துக்கொள்கின்றன. குழாய் போனால் சுவர் நிற்பதில்லை. எலிகளில் இந்தக் குரலைத் தடுத்துப் பார்த்தபோது, புகையே படாமல் நுரையீரல் அறைகள் பெருத்துப்போயின. புகை இந்தக் குரலைத் தணிக்கிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை. என்னிடம் வருவதெல்லாம் கட்டிகள்தானே.

மறுநாள் காலை கண்டிக்குப் புறப்பட்டோம். அக்குறணையைத் தாண்டுவதற்குள் ரிஸானா மூன்று பேரிடம் நலம் விசாரித்துவிட்டாள், எல்லாம் கார் கண்ணாடி வழியாக. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. எங்கள் ஊராக இருந்தால் ஒலிப்பான்களில் காது கிழிந்திருக்கும். இங்கே ஒருவரும் அழுத்தவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் பார்த்தேன். மகாவலி மழைத் தண்ணீரில் தேநீர் நிறமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆய்வுக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். மெழுகில் பதித்த இந்திராணியின் நுரையீரல் துண்டு, தீப்பெட்டியில் பாதியளவு. ரிஸானா அதிலிருந்து சீவல்கள் எடுத்து வைத்திருந்தாள். குமிழின் சுவரும், அதையொட்டி அமுங்கிக் கிடந்த ஓரளவு நல்ல பாகமும் ஒரே துண்டில் இருந்தன. இது அதிர்ஷ்டம். நோயும் நலமும் பக்கத்தில் பக்கத்தில்.

அன்று சாயம் ஏறவில்லை. மாலையில் நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் வெளிறிய நீலம். வர வேண்டிய பழுப்பு ஒரு புள்ளிகூட இல்லை. குப்பி கடுகண்ணாவையிலேயே கெட்டுவிட்டதோ என்று அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ரிஸானா வேறு சந்தேகம் சொன்னாள். கெடாமலிருக்க ஃபார்மலினில் ஊறிய சதையில் புரதங்கள் முடிச்சு விழுந்துவிடும். கொதிக்கவைத்து முடிச்சை அவிழ்த்தால்தான் சாயம் பிடிக்கும். அவர்கள் வெந்நீர்த் தொட்டி பழசு, சூடு போதவில்லை.

“மதுரையில் என்ன செய்றீங்க?”

“பிரஷர் குக்கர்.”

“சமைக்கிற குக்கரா?”

“சமைக்கிற குக்கரேதான். ஆய்வுக்கூடத்துக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறோம்.”

அடுத்த நாள் காலை ஃபாயிஸா தாத்தாவின் குக்கர் காரின் பின்னிருக்கையில் எங்களோடு கண்டிக்கு வந்தது. அவருக்கு மனமே இல்லை. “இதில பொறகு நான் இறைச்சி அவிக்கலாமா?” என்று கேட்டார். கூடாது என்றேன். ஆய்வுக்கூடத்துக்குள் போன பாத்திரம் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. அவர் குக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடியைப் போட்டு, பழைய துண்டில் சுற்றி, என் கையில் கொடுத்தார். “அந்தத் தோட்டத்துப் புள்ளைக்குத்தானே. கொண்டு போங்கொ.”

குக்கர் விசில் அடித்தபோது பக்கத்து அறையிலிருந்த இரண்டு மருத்துவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நடுவில் மின்சாரம் போய் வந்தது. மத்தியானம் சாப்பிட இறங்கவில்லை. கீழே சிற்றுண்டிச்சாலையிலிருந்து மீன் வைத்த ரொட்டியான பணிஸும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் வந்தன. பால் இல்லாத தேநீரை எங்கள் ஊரில் காய்ச்சல்காரர்கள்தான் குடிப்பார்கள். இங்கே குடித்தபிறகுதான் தேயிலைக்கென்று ஒரு வாசனை இருக்கிறது என்பதே தெரிந்தது. இவ்வளவு நாளும் நான் பாலைத்தான் குடித்திருக்கிறேன்.

கடைசிச் சாயத்தைக் கழுவித் துடைத்து, கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன்.

நல்ல பாகத்தில் காற்றறைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. அறைச் சுவர்களின் மடிப்புகளில் ஆங்காங்கே பழுப்புப் பொட்டுகள், வீஜெஃப் சுரக்கும் உயிரணுக்கள். ரிஸானா பக்கத்திலேயே இன்னொரு சில்லு தயாரித்திருந்தாள், இரத்தக் குழாய்களை மட்டும் காட்டும் சாயம் போட்டது. அதில் சுவர் முழுக்கவே நுண்குழாய்கள். சுவரில் குழாய் ஓடுகிறது என்று சொல்வது தப்பு. குழாய்களை நீக்கிவிட்டால் அங்கே சுவர் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. இரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவில் அவ்வளவு மெல்லிய திரை. ஒரு ஆளை ஒரு ஆயுள் முழுக்க அதுதான் தாங்குகிறது.

சில்லை மெல்ல நகர்த்தினேன். பொட்டுகள் அடர்த்தி குறைந்தன. பிறகு ஒன்றிரண்டு. பிறகு இல்லை. இன்னொரு சில்லில் அதே இடத்தில் குழாய்களும் இல்லை. சுவர்கள் பாதியில் அறுந்து, முனைகள் வெற்றிடத்தில் நீட்டிக்கொண்டு நின்றன. அதற்கப்பால் குமிழ். அங்கே எதுவுமே இல்லை.

“பாத்தீங்களா?” என்றாள் ரிஸானா மெதுவாக.

பார்த்தேன். எந்தக் குரலை அடக்க இவ்வளவு காலம் பாடுபட்டேனோ, அதே குரல் அடங்கிப்போனால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தேன். ஒரே புரதம். அதிகம் பேசினால் ஒரு சாவு, பேசாமல் போனால் இன்னொரு சாவு. நடுவில் எங்கோ ஓர் அளவில் நாம் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அன்று மாலை ஏரிக்கரையில் நடந்தபோது தண்ணீர், மரக்கிளைகளில் இறங்கும் கொக்குகள், எதிர்ச் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு மூச்சையும் உள்ளே இழுக்கும்போது அது எங்கே போய்ச் சேர்கிறது என்ற நினைப்பு விடவில்லை.

இந்திராணி சனிக்கிழமை வந்தார். கூடவே கணவர் கருப்பையா. அவர் முன்பு தோட்டத்தில் வேலை பார்த்தவர், இப்போது கண்டி நகரில் ஒரு துணிக்கடைக்குக் காவல். சீருடையோடு, வேலைக்கு நடுவில் அனுமதி கேட்டு வந்திருந்தார். மேல்மாடிக்கு ஏற இந்திராணிக்கு நேரம் பிடித்தது. மெலிந்த, உயரமான பெண். தோளெலும்பு இரண்டும் தூக்கியே நின்றன. மூச்சுக்குப் பாடுபடும் உடம்பு அப்படித்தான் ஆகிவிடும். நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்து மூச்சு நிலைக்கும்வரை காத்திருந்தோம். கருப்பையா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இந்தியாவுலேருந்து இதுக்குன்னா வந்தீங்க?” என்று கேட்டார் இந்திராணி.

“இதுக்குத்தான்.”

“எங்க தோட்டத்து டிஸ்பென்சரியிலேருந்து கீழ வந்து பாக்கறதுக்கே யாரும் வரல.” குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

ரிஸானாவின் நுண்ணோக்கியில் எதிரெதிராக இரண்டு பேர் பார்க்கலாம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் இந்திராணி. உள்ளே ஒரு சின்ன அம்புக்குறி உண்டு. அதை நகர்த்தி நகர்த்திக் காட்டினேன். முதலில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துக் கொடுத்தேன். மறுபடி குனிந்தார்.

“இது நல்ல எடம். இந்தப் பழுப்புப் புள்ளி தெரியுதா? அது சுவரை உயிரோட வச்சிருக்கற சாறு. சாறு இருக்கற எடத்துல சுவரு நிக்குது பாருங்க.”

“ம்.”

“இப்ப நான் நகர்த்தறேன்.”

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “ஸ்வெட்டரு பிரிஞ்சுபோன மாதிரி இருக்கு” என்றார். “ஒரு நூல இழுத்தா அடுத்தடுத்து போகுமே, அந்த மாதிரி.”

இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது.

“புகையாலயா?”

“விறகுப் புகையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா ஒரு துண்டப் பாத்துட்டு அதேதான்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. சிலருக்குப் பொறப்புலயே இதுக்கு எடம் இருக்கும்.”

“அந்தச் சாற ஊசியா ஏத்துனா சுவரு திரும்ப வருமா?”

ரிஸானா என்னைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். வராது என்று சொல்வதற்காகவா ஒரு பெண்ணை மாடி ஏறவைத்தோம்?

“இப்போதைக்கு முடியாது. சாறு சரியான எடத்துல, சரியான அளவுல இருக்கணும். கூடிப்போனா குழாயெல்லாம் கசிஞ்சு நுரையீரல்ல நீர் கோக்கும். உள்ள எங்கயாவது கெட்ட கட்டி ஒளிஞ்சிருந்தா அதுவும் தின்னு வளரும். எப்படிக் கொடுக்கறதுன்னு இன்னும் யாருக்கும் பிடிபடல. ஆனா மிச்சம் இருக்கற சுவர இனிமே புகை படாமப் பாத்துக்க முடியும். உங்களுக்கு மிச்சம் இருக்கு. நல்லாவே இருக்கு.”

அவர் தலையை ஆட்டினார். ஏமாற்றம் தெரியவில்லை. அவர் எதற்காக வந்தார் என்பது அடுத்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்து, கணவரிடம் திரும்பினார்.

“நீங்களும் பாருங்க.”

“எனக்கு என்ன தெரியப்போவுது?”

“பாருங்க.”

கருப்பையா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தார். அதே வழியில் அவருக்கும் காட்டினேன். நல்ல இடம், அறுந்த இடம், வெற்றிடம். முடித்துவிட்டேன் என்று சொன்னபிறகும் அவர் நிமிரவில்லை.

“இது எப்பலேருந்து இப்பிடி?” என்று குனிந்தபடியே கேட்டார்.

“பல வருஷமாவே கொஞ்சம் கொஞ்சமா ஆகியிருக்கும்.”

“மக சடங்காயி உக்காந்தப்ப இவ தண்ணி தூக்க மாட்டேன்னுட்டா. சொந்தக்காரங்க முன்னாடி படியில உக்காந்துகிட்டா. சோம்பேறித்தனம்னு நெனச்சேன். அது பதினஞ்சு வருஷத்துக்கு முந்தி.”

“அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம்.”

அவர் நிமிர்ந்தார். மனைவியைப் பார்க்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். இந்திராணியும் அவரைப் பார்க்கவில்லை. மறுபடி கண்ணாடியில் குனிந்து, அந்த நல்ல பாகத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். “அழகாத்தான் இருக்கு” என்றார். “இத வச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு நாளும் மலை ஏறுனேனா?”

ரிஸானா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

புறப்படும்போது கருப்பையா தாழ்வாரத்தில் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. “நாளைக்கு ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார். கேட்டதுபோல இல்லை, முடிவு செய்துவிட்டதுபோல இருந்தது.

ஞாயிறு காலை வத்தேகமவில் சந்தை. மரவள்ளிக் கிழங்கும் கருவாடும் பிளாஸ்டிக் வாளிகளும் சாலைவரை வந்துவிட்டிருந்தன. ரிஸானாவின் கார் அதற்குள் நுழையாது என்று ஓரிடத்தில் நிறுத்திவிட்டு முச்சக்கரவண்டி பிடித்தோம். அது தோட்டத்துப் பாதையில் பாதி தூரம் ஏறி, பின்னால் வழுக்கத் தொடங்கியது. ஓட்டுநர் பணிவாக, “இனி நீங்க எறங்கிட்டா நான் உயிரோட திரும்பிருவேன்” என்றார். இறங்கினோம்.

வளைவில் இந்திராணியும் கருப்பையாவும் எங்களைக் கூட்டிப்போக இறங்கி வந்திருந்தார்கள். இறங்கியவர் திரும்ப ஏற வேண்டுமே.

“நான் வேணாம்னுதான் சொன்னேன்” என்றார் கருப்பையா. “கேக்கல.”

“வீட்டுக்கு வாறவங்கள வாசல்ல நின்னா கூப்புடுவாங்க?” என்றார் இந்திராணி.

ஏறத் தொடங்கினோம். இரண்டு பக்கமும் தேயிலை, இடுப்பளவு. மேகம் ஒன்று எங்களுக்குக் கீழே கடந்து போனது. நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மேகத்தின் முதுகைப் பார்த்தேன். கருப்பையா பேசிக்கொண்டே வந்தார். நேற்றுச் சாயங்காலமே வேலை முடிந்து வந்து அடுப்படியின் பின்சுவரில் ஒரு ஆள் போகுமளவு உடைத்துவிட்டாராம். அடுப்பு இப்போது வெளியே, தகரத்துக்குக் கீழே. தோட்டத்து ஆபீஸில் கேட்கவில்லை. “கேட்டா வேணாம்பாங்க. ஒடைச்சப்புறம் சொன்னா என்ன பண்ணுவாங்க, திரும்பக் கட்டவா போறாங்க?” சோறும் பருப்பும் மருமகள் வெளியே வைத்துக்கொண்டிருக்கிறாள். கோழி மட்டும் அவரே சமைத்தாராம்.

“உப்பு போட்டீங்களா?” என்று கேட்டார் இந்திராணி.

“போட்டேன்.”

“எத்தன வாட்டி?”

அதற்குமேல் சிரிக்க அவருக்கு மூச்சு இல்லை. பாதையோரத்தில் ஒரு கல் இருந்தது. உட்கார்ந்துவிட்டார். உதடுகளைக் குவித்து, விளக்கை ஊதுவதுபோல மெதுவாக மூச்சை விட்டார். மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தது. நானும் ரிஸானாவும் நின்றோம்.

பின்னாலிருந்து ஒரு பெண் ஏறி வந்தார். பக்கத்து லயத்துப் பார்வதி. தலையில் விறகுக் கட்டு. எங்களைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, எங்களுக்கும் கேட்கும்படியாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“என்ன இந்திராணி, ஒக்காந்தாச்சா? ஆப்பரேசன் பண்ணியும் ஒனக்கு அந்த கல்லு விடலயே.”

இந்திராணி குனிந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். இதற்குப் பதில் சொல்லிப் பழகியவர்போல இல்லை.

கருப்பையா திரும்பினார். சத்தம் போடவில்லை.

“பார்வதி, அவ நெஞ்சுக்குள்ள இருக்கறத நான் நேத்து என் கண்ணால பாத்தேன். பாதி இல்ல. அந்த பாதிய வச்சுக்கிட்டு நமக்கெல்லாம் ஆக்கிப் போட்டுருக்கா. ஒக்காரட்டும்.”

பார்வதியின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார், ரிஸானாவைப் பார்த்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. விறகுக் கட்டை இறக்கிப் பாதையோரம் போட்டுவிட்டு, ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையில் சுமை இருந்தவரை எனக்குக் கேட்காத ஒரு சத்தம் இப்போது கேட்டது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும், மிக மெல்லியதாக, ஒரு விசில்.

“எனக்கும் கொஞ்ச நாளா மேல ஏற முடியல” என்றார், இந்திராணியிடம் மட்டும். “யாருகிட்டயும் சொல்லல.”

இந்திராணி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கல்லில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.